‘சும்மா ஒரு விசாரணைதாம்மா’

தாலுகா ஆபீஸ் எதிரே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பதும் டைப் அடித்துக் கொடுப்பதும் என் பிழைப்பு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று என்ன வந்தாலும் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ‘ஆபீசருகிட்ட வாயால சொல்லாதீங்க, எழுதிக் குடுத்து சீல் வாங்குங்க.’ நாம் அரசாங்கத்திடம் ஏதாவது கேட்டால் எழுத்தில் கேட்க வேண்டும், மூன்று நகல் வேண்டும், ஆதார் ஜெராக்ஸ் வேண்டும். அரசாங்கம் நம்மிடம் கேட்கும்போது மட்டும் எல்லாம் வாய்ப்பேச்சாகவே நடக்கும். எங்கள் பக்கத்துக் கல்குவாரிப் பிரச்சினையில் எதிர்ப்புக் குழுவின் மனுக்களை எழுதிக் கொடுத்து, வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாகவும் இருந்ததால் இதைப் பக்கத்தில் இருந்தே பார்க்க வேண்டி வந்தது. இது மாதிரி குழுக்களில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கண்காணிப்பு என்றவுடன் எல்லோரும் ஒட்டுக்கேட்பதையும் உளவு மென்பொருளையும் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது, ஊர் நிலவரத்தைச் சேகரித்து மேலே சொல்லும் போலீஸ் தனிப்பிரிவின் ஏட்டு ரூபத்தில் வந்தது. கூட்டம் என்று சொன்னால் போதும், மண்டபத்தில் கடைசி வரிசையில் மஃப்டியில் வந்து உட்காருவார். நல்ல மனுஷர். எங்களோடு டீ குடிப்பார், மகளுக்கு நர்சிங் சீட் கிடைக்காத கதையைச் சொல்வார். கூட்டம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து, ‘அக்கா, புதுசா ஒருத்தர் பேசினாரே, அவரு முழுப் பேரு என்ன? அப்பா பேரு? எந்தத் தெரு? எந்த ஆளுங்க?’ என்று கேட்பார். கடைசிக் கேள்வி சாதி பற்றியது. அதையும் அதே குரலில்தான் கேட்பார். கொஞ்ச காலத்தில் எங்கள் குழுவில் யார் யாருக்குச் சொந்தம், யார் பையன் வெளிநாட்டில் இருக்கிறான், யாருக்கு யாரோடு மனஸ்தாபம் எல்லாமே அந்த டைரிக்குள் போய்விட்டது. அதைக் கேட்க அவருக்கு ஏதாவது உத்தரவு இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரோடு பழகிய ஆளிடம் அப்படிக் கேட்க மரியாதை இடம் கொடுக்காது.

1991 மார்ச்சில் ராஜீவ் காந்தி வீட்டுக்கு வெளியே ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் குற்றம் சாட்டியது. அந்தத் தகராறில் சந்திரசேகர் பிரதமர் பதவியையே ராஜினாமா செய்தார். மேலிடத்தில் இரண்டு போலீஸ்காரருக்கு இவ்வளவு விலை. எங்கள் ஊரில் அது ஒரு டீச் செலவோடு முடிந்தது.

போலீஸ் ஒருவரைக் கண்காணிக்கலாமா என்ற கேள்வி 1962-லேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டுவது கூடாது என்றது கோர்ட். வெளியே நின்று கவனிப்பதில் தப்பில்லை, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே இல்லை என்றும் சொல்லிவிட்டது. அது மாறியது 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் ‘சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்று சொன்ன 1976 தீர்ப்பையும் அதே தீர்ப்பில் தூக்கி எறிந்தார்கள். 1976-ல் அப்படித் தீர்ப்பளித்தவர்களில் ஒருவர் ஒய்.வி.சந்திரசூட். 2017-ல் அதைத் தப்பு என்று எழுதியவர் அவருடைய மகன். அந்தரங்கத்தில் அரசு கை வைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஏட்டையாவின் டைரிக்கு இதில் முதலாவதே கிடையாது.

எங்கள் விவகாரம் போலீஸ் கேஸானது ஒரு வாய்ஸ் மெசேஜால். குவாரி வெடியில் வீடு இடிந்து இரண்டு பேர் செத்துப் போனதாக யாரோ பேசி, எங்கிருந்தோ வந்து, ஏகப்பட்ட குரூப்புகளில் சுற்றியது. எங்கள் குரூப்பிலும் வந்தது. அன்றைக்கு ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எஃப்.ஐ.ஆரில் நாலைந்து பெயரைப் போட்டு, கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று முடித்தார்கள். இந்த இரண்டு சொல்லைக் கவனித்து வையுங்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே சேர்க்க இது ஒரு திறந்த கதவு. அதனால் முதல் வேலை எஃப்.ஐ.ஆர். நகலை எடுப்பது. பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரியான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன் பெயர் போட்டு எடுக்கலாம். எந்தப் பிரிவுகள் என்று தெரியாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசுவது இருட்டில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

அப்புறம் எனக்கு போன் வந்தது. ‘மேடம், இன்ஸ்பெக்டர் அய்யா கூப்பிடுறாரு. போனை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க. சும்மா ஒரு விசாரணைதாம்மா.’

‘எழுத்துல அனுப்புங்க சார், வர்றேன்’ என்றேன்.

‘வாட்ஸ்அப்ல அனுப்பவா?’

‘இல்லைங்க சார், நேர்ல குடுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்.’

இது திமிர் பேச்சில்லை, சட்டத்தில் இருப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ம் பிரிவுப்படி, சாட்சியாக ஒருவரை விசாரிக்கக் கூப்பிடுவதென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு 35-ம் பிரிவில் கொடுக்கும் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, சட்டத்தில் சொல்லியிருக்கிறபடி நேரில் சேர்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. சாட்சிக்கு அனுப்பும் 179 நோட்டீசுக்கும் சட்டம் சொன்ன வழியைத்தான் பின்பற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

நீங்கள் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா என்பதை அந்த நோட்டீசின் பிரிவு எண்தான் சொல்லும். 179 என்றால் சாட்சி. 35 என்றால் ஆள் மாறிவிட்டது, உடனே வக்கீலைப் பாருங்கள், குறித்த தேதிக்குக் கட்டாயம் ஆஜராகுங்கள். போகாவிட்டால் அதையே காரணம் காட்டிக் கைது செய்யலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

கடைசியில் நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்கே வந்தார்கள். எஸ்.ஐ., ஒரு பெண் காவலர், எங்கள் ஏட்டு. கேள்விகள் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் வந்த காரியம். ‘போனைக் குடுங்கம்மா, பார்த்துட்டு சாயங்காலம் ஏட்டுகிட்ட குடுத்து விட்டுடறோம்.’

இந்த இடத்தில்தான் பெரும்பாலும் எல்லோரும் போனை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். நாமாகக் கொடுத்தால் அது நாம் விருப்பப்பட்டுக் கொடுத்ததாகவே கணக்கு. நான் அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ம் பிரிவில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பொருளையோ ஆவணத்தையோ கொண்டுவந்து கொடு என்று உத்தரவிடும் பிரிவு அது. புதுச் சட்டத்தில் செல்போன் மாதிரியான கருவிகளையும் அதில் தெளிவாகவே சேர்த்திருக்கிறார்கள். அதாவது போனைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

எஸ்.ஐ.க்கு முகம் மாறியது. ‘நீங்க என்ன வக்கீலா?’

‘இல்லைங்க சார். மனு எழுதுறவ.’

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்து, கூடத்து டீப்பாயில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள்.

கைப்பற்றிய பொருளைக் குறித்து எழுதும் மகஜரில் முதலில் எழுதியது ‘கருப்பு நிற செல்போன்-1’. அவ்வளவுதான். ஊரில் கருப்பு நிற செல்போன் எத்தனை இருக்கும்! கம்பெனி, மாடல், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.ஈ.ஐ. எண், சிம் எண், மெமரி கார்டு உண்டா இல்லையா, திரையில் கீறல் எங்கே, ஆன் செய்திருந்ததா அணைத்திருந்ததா எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஐ.எம்.ஈ.ஐ. எண் தெரிய ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அழுத்தினால் போதும். அதை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போன் போன பிறகு போனில் பார்க்க முடியாது. அதே சட்டத்தின் 105-ம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்து, அந்தப் பதிவைத் தாமதிக்காமல் நீதித்துறை நடுவருக்கோ கலெக்டர், கோட்டாட்சியருக்கோ அனுப்ப வேண்டும். ‘வீடியோ எடுக்கலையா சார்?’ என்று கேட்டதும் பெண் காவலர் தன் போனை எடுத்தார். அதற்குப் பிறகு பேச்சில் ‘வாங்க, போங்க’ கூடியது. கேமராவுக்கு அந்த மகிமை உண்டு, இரண்டு பக்கமும் பார்க்கிற வரைக்கும்.

பாஸ்வேர்ட் விஷயம் சிக்கலானது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 20(3). கைரேகை கொடுப்பது சாட்சியம் ஆகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனதில் இருக்கும் பாஸ்வேர்ட் சாட்சியமா இல்லையா என்பதில் கோர்ட்டுகள் ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆகவே கைரேகைப் பூட்டு, முகப் பூட்டு இரண்டையும் எடுத்துவிட்டு நீளமான பாஸ்வேர்ட் வைப்பது நல்லது. போனைக் கொடுக்கும் முன் அணைத்துவிட்டுக் கொடுங்கள். அணைத்து, திரும்ப ஆன் செய்து, பாஸ்வேர்ட் போடாத நிலையில் உள்ளே நுழைவது அவர்களுடைய கருவிகளுக்கும் சிரமம். வாட்ஸ்அப் பேக்கப் கூகுளில் பூட்டில்லாமல் கிடந்தால் இதெல்லாம் வீண் வேலை. செட்டிங்கில் போய் அதற்கும் என்க்ரிப்ஷன் போட வேண்டும்.

நோட்டீஸ் வந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். மின்னணுப் பதிவை அழித்து சாட்சியத்தை மறைப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ம் பிரிவில் தனிக் குற்றம். ஒன்றுமில்லாத கேஸில் அதுவே கேஸாகிவிடும். மெசேஜ் தானாக மறைய வேண்டுமென்றால் குரூப் தொடங்கும்போதே அந்த வசதியைப் போட்டு வையுங்கள். அது வழக்கமான நடைமுறை, யாரும் குறை சொல்ல முடியாது.

போன் போன பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பேங்க் ஓ.டி.பி., கேஸ் புக்கிங், கடையின் ஜி.பே. எல்லாம் நின்றன. அதையாவது மகஜர் நகலைக் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கிச் சரிசெய்துவிட்டேன். மகனுடைய பழைய போனில் குரூப்பைத் திறந்து பார்த்தால், வரிசையாக ‘வெளியேறினார்’, ‘வெளியேறினார்’ என்று போய்க்கொண்டே இருக்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி என் கடைக்கே வந்து, ‘தப்பா நெனைக்காதம்மா, பையன் போலீஸ் செலக்‌ஷனுக்கு எழுதியிருக்கான், வெரிஃபிகேஷன் வரும்’ என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? இன்னொரு அம்மா குரூப்பை விட்டும் போகவில்லை, ஒரு வார்த்தை எழுதவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. யாரையும் கைது செய்யவில்லை, யாரையும் மிரட்டவில்லை, எந்தத் தடை உத்தரவும் போடவில்லை. ஒரு போனை எடுத்துப் போனதில் குவாரி எதிர்ப்பு பாதியாகிவிட்டது. அந்த போனில் இருந்த விஷயத்தைவிட, அது அவர்களிடம் இருக்கிறது என்கிற செய்தியே வேலையைச் செய்தது.

அதனால் குழு நடத்துகிறவர்கள் உறுப்பினர் பெயர், நம்பர், யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்கிற கணக்கு எல்லாவற்றையும் ஒரே போனில் வைக்காதீர்கள். வருகைப் பதிவில் அப்பா பெயர், முகவரி எதற்கு? சேர்க்காத தகவலை யாரும் எடுக்க முடியாது. முக்கியமான நம்பர்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். அப்போது வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள். இன்டர்நெட்டை நிறுத்தும் உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் முதல் கேள்வி, காகிதம் எங்கே என்பதுதான்.

‘நம்ம போனை ஒட்டுக் கேக்குறாங்களாக்கா?’ என்று குழுவில் நிறையப் பேர் கேட்டார்கள். அது தனிச் சட்டம். மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் உத்தரவு போட வேண்டும். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தால் 180 நாளுக்கு மேல் கூடாது. சரிதானா என்று பார்க்கும் குழுவின் தலைவர் தலைமைச் செயலாளர். உறுப்பினர்கள் சட்டத் துறைச் செயலாளரும் இன்னொரு செயலாளரும். உத்தரவு போடுகிறவரும் செயலாளர், சரிபார்க்கிறவர்களும் செயலாளர்கள். நடுவில் நீதிபதி என்று ஒருவர் கிடையாது. 1885-ம் வருஷத் தந்திச் சட்டம் போய் 2023-ல் புது தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது, 2024 டிசம்பரில் புது விதிகளும் வந்தன. இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை. தகவல் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசில் இதே மாதிரி இருக்கும் சரிபார்ப்புக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும்போது 15,000 முதல் 18,000 உத்தரவுகளைச் சரிபார்க்க வேண்டுமாம். தாலுகா ஆபீசில் ஒரு பட்டா மனுவைப் பார்க்கவே எத்தனை நாளாகிறது என்று தெரிந்தவள் நான். அந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் காகிதம் இருந்ததால் ஒருவர் ஜெயித்தார். 2011-ல் போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகப் போனை ஒட்டுக் கேட்க முடியாது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். உத்தரவு எழுத்தில் இருந்ததால்தான் அதை எதிர்த்துப் போக முடிந்தது. போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் என்ற மென்பொருள் விவகாரத்தில் அப்படி எதுவுமே வெளியே வரவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்ததாகவும் அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் 2022-ல் தெரிவித்தது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது. அதோடு சரி.

என் போனுக்கு வருகிறேன். கைப்பற்றிய பொருளைத் திரும்பக் கேட்டு நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பொருள் கோர்ட்டுக்கு வந்திருந்தால் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ம் பிரிவு, ஸ்டேஷனிலேயே இருந்தால் 503-ம் பிரிவு. கைப்பற்றிய பொருட்களைப் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் வழக்கில் சொன்னதை மனுவில் சேர்த்தோம். ஏதாவது வாய்தா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு போன் வந்தது. சார்ஜ் இல்லாமல், பின் கவரில் மார்க்கரில் கேஸ் நம்பர் எழுதி.

போன் வந்துவிட்டது, அதன் நகல்? மின்னணு சாட்சியத்துக்கு, புது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ம் பிரிவில் சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பு என்று ஒரு எண் இருக்கும். போனில் உள்ள தகவலில் பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். அதனால் நகல் எடுக்கும்போதே ஹேஷ் எண்ணை எழுதித் தரும்படி கேட்பது நமக்கும் பாதுகாப்பு. எனக்குத் தரவில்லை. நகல் எடுத்தார்களா, எங்கே வைத்திருக்கிறார்கள், யாரெல்லாம் பார்த்தார்கள் என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. போட்டேன். விசாரணை நடப்பதால் தர இயலாது என்று பதில் வந்தது. உளவுப் பிரிவு என்றால் ஆர்.டி.ஐ. சட்டத்தின் 24-ம் பிரிவைச் சொல்லி அதைக்கூட எழுத மாட்டார்கள். ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதை மனுவிலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

ஒட்டுக்கேட்ட பேச்சைக்கூடத் தேவை முடிந்தால் ஆறு மாதத்துக்கொரு முறை அழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கைப்பற்றிய போனிலிருந்து எடுத்த நகலை எப்போது அழிக்க வேண்டும் என்று அப்படி ஒரு விதி கிடையாது. என் போனில் இருந்தது என் தகவல் மட்டுமில்லை. முதியோர் பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் மனு எழுத வந்தவர்கள் அனுப்பிய ஆதார் போட்டோக்கள், பேங்க் பாஸ்புக், ஒரு பெண்ணின் குடும்ப வன்முறைப் புகார் எல்லாம் அதில் இருந்தன. வழக்குக்குச் சம்பந்தமில்லாத பகுதியை நகலிலிருந்து நீக்க வேண்டும் என்று இப்போது வக்கீல் மூலம் தனி மனுப் போட்டிருக்கிறோம். அரசுத் தரப்பு பதில் மனு தாக்கல் செய்ய நேரம் கேட்டிருக்கிறது. இப்போதெல்லாம் ஆதார் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஜெராக்ஸ் எடுத்து நேரில் கொண்டு வாருங்கள் என்று என் கடை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.